அரைவேக்காடு யாருக்கு?

எனக்குக் கோபம் வரும். வரும் என்ன வரும், எப்போதும் வந்து உட்கார்ந்தேதான் இருக்கும். அதற்கு நான் வாயைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. நான் தையல்காரி. வாசல் அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அளவுக்கு ஒரு பழைய சட்டையைக் கொடுத்து, "இதே மாதிரி தைங்க, ஆனா இது மாதிரி வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு காலம் தள்ளுகிறவளுக்குக் கோபம் வராமல் குளிர்காய்ச்சலா வரும்?

என் வீட்டுக்காரர் கொத்தனார். சுவர்ப் பூச்சில் கை சுத்தம். அவர் பூசின சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம். ஆனால் ஆள் கல்லுளிமங்கன். வீடு பற்றிக்கொண்டு எரிந்தாலும், "கொஞ்சம் சூடா இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற ரகம். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. அவளை இழுக்க முடியாது.

இப்படி இருக்கையில்தான் நான் மேல்தட்டில் இருந்த துணிக்கட்டை எடுக்க ஸ்டூல் மேல் ஏறினேன். ஸ்டூல் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் விரல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் அந்தக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரம் சரியா தேய்க்கல" என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா வந்துவிட்டாள்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்த மூத்தவள். நல்லவள், அதில் சந்தேகமே இல்லை. நல்லது செய்யும்போது எதிரில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க மாட்டாள், மோதிவிட்டுப் போய்விடுவாள். நேராக அடுப்படிக்குப் போனாள். அங்கே என் வீட்டுக்காரர் காலையில் பால் காய்ச்சியிருந்தார். காய்ச்சினார் என்று அவர் சொன்னார். பால் பாத்திரத்தில் இருந்ததைவிட அடுப்பில்தான் அதிகம் இருந்தது.

"நீ இங்க இருந்தேன்னா கை சேர்றதுக்குள்ள பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துடுவ," என்றாள் அக்கா. "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நம்ம வீட்டுக்கு வந்துடு."

அக்கா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. அதுதான் பயம். காலையில் எழுப்பிவிடுவாள், மருந்து கொடுப்பாள், தலை வாரிவிடுவாள், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் என்னைக் காட்டி, "பாவம் இவ, கையே போச்சு" என்பாள். அவள் வீட்டில் எனக்குப் பேரே 'பாவம்' என்று ஆகிவிடும். சோபாவில் உறை கசங்காமல் உட்கார வேண்டும். கத்தக்கூடாது, அக்கம்பக்கத்துக்குக் கேட்கும். கத்தாமல் நான் எப்படி உயிரோடு இருப்பது? முடியாது, என் வீட்டை விட்டு எங்கும் வரமாட்டேன் என்றேன்.

"அப்ப யாரு சமைச்சுப் போடுவா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். தரையில் ஏதாவது வெடிப்பு இருந்ததோ என்னவோ.

"சரி," என்றாள் அக்கா. "டாக்டர் தினம் முட்டை சாப்பிடச் சொன்னாருல்ல? ஞாயித்துக்கிழமை நானும் அத்தானும் வர்றோம். இந்தத் தம்பி தன் கையால முட்டை செஞ்சு நாலு பேருக்கும் காலைச் சாப்பாடு போடட்டும். வாயில வைக்கற மாதிரி இருந்தா நீ இங்கயே இரு. இல்லன்னா பேசாம பையத் தூக்கிட்டு என் பின்னால வந்துடணும்."

அவள் போனபிறகு நான் அவரிடம் நேராகவே கேட்டேன். "நான் போகட்டுமா, இருக்கட்டுமா? வாயத் திறந்து சொல்லுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உன் இஷ்டம்," என்றார்.

உன் இஷ்டமாம். எலும்பு முறிந்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவன் பெண்டாட்டியைப் பார்த்து, போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்தா போகும்? அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை என்று சொல்ல ஆசைதான். பேசினேன், நன்றாகவே பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் மனுஷன் அடுப்படியில் நிற்கிறார். கையில் முட்டை. "இத எப்படி அவிக்கிறது?" என்றார்.

இது பதிலா, இல்லை ஞாயிற்றுக்கிழமை அக்கா முன்னால் மானம் போகக்கூடாது என்கிற பயமா? எனக்குப் புரியவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார். ஒரு நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

அவித்த முட்டையில் தொடங்கினோம். அதில் கெடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன், கூறுகெட்டவள் நான். ஃபிரிஜ்ஜில் இருந்து எடுத்த முட்டையை அப்படியே கொதிக்கிற தண்ணீரில் போட்டார். பட்டென்று வெடித்து வெள்ளை வெளியே வந்தது. அவர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான துக்கம் தெரிந்தது.

"விரிசல் விட்டிருச்சு," என்றார்.

"அது சுவரா, விரிசலப் பாத்து அழறதுக்கு? இன்னொண்ண எடுங்க. கொஞ்ச நேரம் வெளியில வெச்சு, பச்சைத் தண்ணியில போட்டு, அப்புறம் அடுப்பப் பத்த வைங்க."

அது வெந்தது. உரிக்கத் தொடங்கினார். பழைய சுவரில் பூச்சைக் கொத்தி எடுப்பதுபோல நகத்தால் கொத்திக் கொத்தி எடுத்தார். ஓட்டோடு வெள்ளையும் வந்தது. கடைசியில் என் தட்டில் விழுந்தது ஒரு கோலிக்குண்டு. மஞ்சள் கரு மட்டும் தப்பித்திருந்தது.

"இத எதுக்கு விட்டு வெச்சீங்க?" என்றேன். "இதையும் கொத்தி எடுத்திருக்கலாமே."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. அந்த முகத்தில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்த நாள் ஆம்லெட். வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் அழகாகத்தான் நறுக்கினார், ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கினார். நான் மிளகுத்தூள் டப்பாவைத் தேடித் திரும்புவதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டார்.

"எதுக்கு இப்ப தண்ணி?"

"கெட்டியா இருந்துச்சு. தண்ணி ஊத்தாம கலவை எப்படிக் கலக்கறது?"

கடவுளே, இந்த மனுஷனுக்கு உலகத்தில் எல்லாமே சிமெண்டுதான். அன்றைக்கு நாங்கள் முட்டை ரசம் மாதிரி ஒன்றைக் குடித்தோம். மறுபடி முயற்சி செய்தபோது தண்ணீர் விடவில்லை. ஆனால் எண்ணெய் எல்லாம் சட்டியின் ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றது, முட்டையும் பின்னாலேயே போயிற்று. அவர் அடுப்பை அணைத்தார். வேலைப் பையில் இருந்து, தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து வந்து அடுப்பு மேல் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒரு கட்டைத் துண்டைச் சீவி அடுப்புக் காலுக்கு அடியில் கொடுத்தார். எண்ணெய் நடுவில் நின்றது.

"ஏன்யா," என்றேன், "எண்ணெய் ஒரு பக்கமா ஓடுது ஓடுதுன்னு நான் எத்தனை வருஷமா கத்திக்கிட்டு இருக்கேன்?"

"அடுப்பு சரியில்லன்னு சொன்ன. மட்டம் சரியில்லன்னு சொல்லலையே."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு கை கட்டில் இருந்ததால் பாதிதான் அடித்துக்கொண்டேன்.

ஆம்லெட்டைத் திருப்ப வேண்டிய நேரம் வந்தது. "தட்டக் கரண்டிய எடுங்க, சீக்கிரம்" என்றேன். ஓடினார். திரும்பி வந்தபோது கையில் பளபளவென்று கழுவித் துடைத்த பூச்சுக் கரண்டி. சுவருக்குச் சாந்து அடிக்கிற கரண்டி. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் அதை ஆம்லெட்டுக்கு அடியில் விட்டு ஒரே வீச்சில் திருப்பிவிட்டார். ஒரு ஓரம்கூடக் கிழியவில்லை. வட்டமாக, தட்டையாக, சுவரில் மாட்டலாம் போல இருந்தது.

அதோடு விட்டாரா? புதுப் பூச்சு காய்ந்து வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும் அல்லவா, அந்தப் பழக்கத்தில் கையை நனைத்து ஆம்லெட் மேல் தெளித்தார். சட்டியில் எண்ணெய் சடசடவென்று வெடித்தது. அவர் ஒரு பக்கம் குதித்தார். நான் நாற்காலியோடு பின்னால் போனேன், இன்னொரு கையும் போயிருக்க வேண்டியது, தப்பியது.

"தெளிக்காதீங்க, பூசாதீங்க, தேய்க்காதீங்க," என்று கத்தினேன். "அது முட்டை. கோழி போட்டது. கம்பெனிக்காரன் மூட்டையில அனுப்பினது இல்ல."

"சரி," என்றார். ஆனால் நான் திட்டத் திட்ட அவர் கை தெளிந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். "தீயக் குறை," என்பேன், குறைப்பார். "இப்ப உப்பு, யானைக்குப் போடற மாதிரி போடாதீங்க," என்பேன், நிறுத்துவார். "என்ன வேடிக்கை, திருப்புங்க," என்பேன், திருப்புவார். வெள்ளிக்கிழமை அவர் போட்ட ஆம்லெட்டை நான் குறை சொல்லாமல் சாப்பிட்டேன். எனக்கே ஏதோ உடம்பு சரியில்லையோ என்று தோன்றியது.

சனிக்கிழமை முட்டையை அவிக்கப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தபோது அவருக்கு வேலையிடத்திலிருந்து போன் வந்தது. புறப்படுகிற அவசரத்தில் முட்டையைச் சீக்கிரமே எடுத்துவிட்டார். மேல் ஓட்டைத் தட்டித் திறந்தால் உள்ளே வெள்ளை இளகி நிற்கிறது, மஞ்சள் ஓடுகிறது.

"இது என்ன, ஆஃப்பாயிலா?" என்றார்.

"ஆஃப்பாயில் சட்டியில ஒரு பக்கம் மட்டும் வேக விடறது. இது அது இல்ல."

"அப்ப இதுக்குப் பேரு என்ன?"

எனக்கு எரிச்சல். ஒரு காரியத்தை முழுசாகச் செய்யாமல் செருப்பை மாட்டுகிற மனுஷன். "அரைவேக்காடு," என்றேன். "முட்டையும் அரைவேக்காடு, போட்டவரும் அரைவேக்காடு."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் கோபத்தோடு அதில் உப்பும் மிளகும் போட்டு, இடது கையால் ஸ்பூனை விட்டு ஒரு வாய் எடுத்தேன். தொண்டையில் அப்படி இறங்கியது. அவர் மாலையில் வந்ததும் கௌரவம் பார்க்காமல் சொன்னேன். "காலையில போட்டீங்களே, அது நல்லா இருந்துச்சு."

"அரைவேக்காடா?"

"ஆமா, அதான்."

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சைத் தாளில் தாராளமாக முட்டை போடுவார் என்று பேர் எடுத்தவர். முட்டை வாத்தியார் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கோழிகூட இவ்வளவு போட்டிருக்காது என்று பிள்ளைகள் சொல்வார்களாம். அதனாலோ என்னவோ, மனுஷன் தொட்டாற்சிணுங்கி. நாம் வாசலைப் பார்த்துச் சிரித்தால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் வந்தால் பேச மாட்டார், துடைப்பார்.

என் வீட்டுக்காரர் துவைத்த சட்டை போட்டு, தோளில் துண்டோடு நின்றார். ரொட்டி வாங்கி அடுக்கி வைத்திருந்தார். "அக்கா, உங்களுக்கு எப்படி வேணும்? சகலைக்கு எப்படி?" என்று கேட்டார். ஒரு நாளில் அவர் பேசுகிற அளவை அப்போதே தாண்டிவிட்டார்.

"எனக்கு ஆம்லெட்," என்றாள் அக்கா.

"எனக்கு அவிச்சதே போதும்," என்றார் அத்தான். "ரொம்ப வேக வேண்டாம், வயிறு கேக்காது."

என் வீட்டுக்காரர் சந்தோஷமாக அடுப்படிக்குள் போனார். நான் வழக்கம்போல நாற்காலியைத் தூக்கப் போனேன். அக்கா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீ இங்க. அங்க போகக்கூடாது, இங்கேர்ந்து ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. நீ சொல்லிச் சொல்லி அவர் செஞ்சா அது உன் சமையல்தானே? வாயத் திறந்தா அவர் தோத்ததா கணக்கு."

வாயைத் திறக்கக்கூடாதாம். என்னை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

உள்ளே சட்டி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கதவருகில் வந்து என்னைப் பார்த்தார்.

"வெங்காயம் இப்பவே போடலாமா?"

"அவளப் பாக்காதீங்க தம்பி," என்றாள் அக்கா.

போனார். மறுபடி வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போனார். கருகல் வாசனை வந்தது. தீ அதிகம், தீயைக் குறைக்க வேண்டும், அடியில் பிடித்துக்கொண்டிருக்கிறது, திருப்பித் தொலைக்க வேண்டும். எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. முந்தின நாள்வரை சரியாகச் செய்தவர் இன்றைக்கு ஏன் இப்படித் தடுமாறுகிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. ஹோட்டல் சர்வர் மாதிரி, நல்ல கணீரென்று.

"அரைவேக்காடு ரெடி. அரைவேக்காடு நம்ம வாத்தியார் சகலைதானே?"

அத்தான் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். என் வீட்டுக்காரரைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"இங்கயும் சொல்லியாச்சா?" என்றார்.

அக்காவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நான் எங்க சொன்னேன்?"

"வீட்டுல தினம் சொல்றது பத்தாதுன்னு தங்கச்சி வீட்டுலயும் பரப்பி விட்டிருக்க. கொத்தனார் வரைக்கும் தெரிஞ்சிருக்கு."

"ஐயோ, சத்தியமா இவங்ககிட்ட நான் சொல்லலைங்க."

"அப்ப வேற யார்கிட்டயோ சொல்லியிருக்க."

எனக்குள் சிரிப்பு குமுறுகிறது. வாயைத் திறந்தால் தோற்றதாகக் கணக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு மாவுக்கட்டால் வாயை மூடிக்கொண்டேன். இத்தனை நாள் கண்ணே மணியே என்று நடக்கிற குடும்பம் என்று நினைத்திருந்தேன். அக்கா வீட்டிலும் கத்தல் உண்டு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கத்துகிறாள், அவ்வளவுதான்.

இவர் ஒன்றும் தெரியாமல் ஒரு சின்ன டம்ளரில் முட்டையை நிறுத்திக் கொண்டுவந்து அத்தான் முன்னால் வைத்தார். "அரைவேக்காடு," என்று மறுபடி மரியாதையாகச் சொன்னார். "உப்பு, மிளகு போட்டுக்குங்க சகலை. நல்லா இருக்கும்."

அத்தான் முட்டையைப் பார்த்தார். ஸ்பூனால் குத்தினார். மஞ்சள் ஓடியது. விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா? ஒரு வாய் சாப்பிட்டார், இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"அரைவேக்காடா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு," என்றார், அக்காவைப் பார்த்து.

அக்காவுக்கு அந்த அவமானத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவளுடைய ஆம்லெட் வந்தது. ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. திருப்பும்போது மூன்றாகக் கிழிந்திருந்தது. அதை அவர் தட்டில் ஒட்ட வைத்துக் கொண்டுவந்திருந்தார், பாவம், கொத்தனார் அல்லவா.

அக்கா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். கடக் என்றது. ஓடு.

"போதும்," என்று எழுந்துவிட்டாள். "கிளம்பு. பேச்சுன்னா பேச்சு. பைய எடு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கரண்டியும் கையுமாக நின்றார். சொல்லு, இப்போதாவது சொல்லு. போகாதே என்று ஒரு வார்த்தை. அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை. சரி, போ. எனக்கு மட்டும் என்ன வந்தது? உள்ளே போய் இடது கையால் துணிகளை அள்ளிப் பையில் திணித்தேன். கண் எரிந்தது, கருகின புகை என்று வைத்துக்கொண்டேன். பை நிறைந்தது, ஜிப் மூடவில்லை. ஒரு கையால் இழுத்தால் பை கூடவே வருகிறது. முழங்காலால் அழுத்திக்கொண்டு இழுத்தேன், அப்போதும் வரவில்லை.

அவர் உள்ளே வந்தார். கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஜிப்பைச் சர்ரென்று இழுத்து மூடினார்.

எனக்கு உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. வாயால் சொல்லாவிட்டாலும், போ என்று இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்வான்? பையைத் தூக்கிக்கொண்டு வாசல் அறைக்கு வந்தேன். என் மிஷின் மேல் உறை போட்டிருந்தது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் டம்ளரில் மிச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்றது பின்னால் ஒரு குரல். அவர் குரல்தான். எனக்கே சந்தேகமாக இருந்தது.

"நான் நல்லாத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தேன்," என்றார். "நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு. இன்னைக்கு நீங்க அவ வாய மூடிட்டீங்க."

"அதனால என்ன தம்பி?"

அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்கு வேலை முடிஞ்சு வந்தேன். எப்பவும் தெருமுனையிலயே இவ சத்தம் கேக்கும். யாரையாவது வெச்சு வாங்கிக்கிட்டு இருப்பா. அன்னைக்குக் கேக்கல. வாசப்படியில கேக்கல. கதவு தொறந்திருக்கு, உள்ள சத்தமே இல்ல. இந்த மிஷின் பக்கத்துல கிடந்தா. கூப்பிட்டேன், கண்ணு தொறக்கல." கரண்டியைத் துண்டில் துடைத்தார். "இன்னைக்கு அடுப்படியில நிக்கறேன், அதே மாதிரி சத்தமில்ல. இவ இங்கதான் உட்கார்ந்திருக்கான்னு தெரியுது. ஆனாலும் கை ஓடல. வந்து வந்து பாத்தேன். எனக்குச் சமைக்க வரலைன்னா கடையில வாங்கிக் குடுக்கறேன். இவள விட்டுட்டுப் போங்க அக்கா. சத்தம் இல்லாம என்னால இந்த வீட்டுல இருக்க முடியாது."

மயக்கமாகக் கிடந்தேன் என்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் பயந்தான் என்பதை யாராவது எனக்குச் சொன்னார்களா? அக்கா ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை, கண்ணைத்தான் துடைத்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்ல வேண்டும். ஆயிரம் இருந்தது. அத்தனையும் ஒரே நேரத்தில் வாய்க்கு முண்டியடித்ததில் வந்தது இதுதான்.

"அப்புறம் எதுக்குய்யா ஜிப்ப மூடினீங்க?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேட்டதே தவறு என்பதுபோல ஒரு பார்வை.

"ஒத்தக் கையால கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்தியே," என்றார்.